அஞ்செட்டிப் பக்கம் ஏன் ஆள் குறைவு? அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: ஓசூரிலிருந்து வரைபடத்தைத் தெற்கே நகர்த்தினால், தேன்கனிக்கோட்டையைத் தாண்டியதும் ஊர்ப்பெயர்களே குறைந்துவிடுகின்றன. அஞ்செட்டி, உரிகம், நாட்ராம்பாளையம் என்று நாலைந்து பெயர்கள்தான் தெரிகின்றன, மிச்சமெல்லாம் பச்சை. பெங்களூர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அங்கே ஏன் ஆளில்லை, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர்தான் இருப்பார்கள்? படித்தால் ஒரு எண்ணைக் கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எத்தனை பேர் என்பது ஒன்று. ஏன் குறைவு என்பது இரண்டாவது. அந்தப் பச்சை நிஜமாகவே காலி இடமா என்பது, கேட்டவர் நேராகக் கேட்காத மூன்றாவது. எனக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியம். அதற்குப் பதில் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் கொடுத்தால் அது தப்பான படத்தைத்தான் காட்டும்.

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் அரசுப் பள்ளிகளில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் வேலையோடு கணக்கெடுப்பு வேலை, வாக்காளர் பட்டியல் வேலை எல்லாம் சேர்ந்தே வரும். அதனால் இந்தப் பகுதியை வகுப்பறைப் படத்திலும் பார்த்திருக்கிறேன், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டியும் பார்த்திருக்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத எண்களைச் சொல்லிவிடுகிறேன். அஞ்செட்டி இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அதை ஒட்டிய பக்கத்து மாவட்டம் தர்மபுரி. 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 18,79,809 பேர், தர்மபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர். கிருஷ்ணகிரியின் பரப்பு 5,100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல், தர்மபுரி ஏறக்குறைய 4,500. ஒரு சதுர கிலோமீட்டருக்கு என்று வகுத்தால் கிருஷ்ணகிரியில் 365 பேர் அளவில், தர்மபுரியில் 335 பேர் அளவில் வரும். தமிழ்நாட்டின் சராசரி 555. தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் நகரங்களில் இருந்தபோது, கிருஷ்ணகிரியில் 23 சதவீதம் பேர்தான் நகரவாசிகள், தர்மபுரியில் 17 சதவீதம். ஆக, இரண்டுமே கிராமத்து மாவட்டங்கள், இரண்டுமே சராசரியைவிட அடர்த்தி குறைந்தவை. இது உறுதி.

அஞ்செட்டி வட்டம் என்று தனியாகக் கேட்டால் நிலைமை வேறு. 2011இல் அப்படி ஒரு வட்டமே இல்லை. அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தவை ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை என்ற ஐந்து வட்டங்கள்தான். அஞ்செட்டி பிறகு தேன்கனிக்கோட்டையிலிருந்து பிரிந்தது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதனால் அஞ்செட்டி வட்டத்தின் பெயரில் கணக்கெடுப்புத் துறை வெளியிட்ட எண் எதுவும் கிடையாது. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், அவர் 2011இன் கிராமவாரி எண்களைக் கூட்டிச் சொல்கிறார் என்று பொருள். கூட்டுவது தவறில்லை. எந்தெந்தக் கிராமங்களைச் சேர்த்தார், பரப்பில் காட்டைச் சேர்த்தாரா இல்லையா என்று கேளுங்கள். அதைச் சொல்லாத எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. கணக்குக்குச் சரியாக மூன்றில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரியில் அதைக் கழித்துவிட்டு, மக்கள் சட்டப்படி வீடு கட்டி வாழக்கூடிய மிச்ச நிலத்தால் வகுத்துப் பாருங்கள். சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 550 வருகிறது, அதாவது மாநிலச் சராசரிக்குப் பக்கத்தில். இதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் குறைவே இல்லை என்று துள்ளக் கூடாது. நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் மாநிலத்தின் காட்டையும் கழிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் காடு. அதைக் கழித்தால் மாநில எண் 670 அளவுக்கு ஏறிவிடும். ஆக, கிருஷ்ணகிரி அடர்த்தி குறைந்த மாவட்டம் என்பது உண்மைதான். ஆனால் மாநில அளவில் மூன்றில் இரண்டு பங்கு என்று தெரிந்த அடர்த்தி, காட்டைக் கழித்ததும் ஐந்தில் நான்கு பங்காகிவிடுகிறது. வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதியைக் காடு தின்றுவிட்டது. அஞ்செட்டிப் பக்கத்தில் காட்டின் பங்கு மாவட்டச் சராசரியைவிட மிக அதிகம் என்பதால் இந்த மாற்றம் அங்கே இன்னும் பெரிதாக இருக்கும். வரைபடத்தில் காலியாகத் தெரிகிற இடத்துக்கும், பள்ளத்தாக்கில் ஊரும் கழனியும் நெருக்கிக்கொண்டிருக்கிற இடத்துக்கும் ஒரே சராசரியைப் போட்டால் அது இரண்டுக்குமே பொருந்தாது.

சரி, நிலம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் தென்கிழக்கு விளிம்பில் இருக்கின்றன. தளி இன்னும் கொஞ்சம் மேலே. அங்கெல்லாம் நிலம் மெதுவாக ஏறி இறங்கும், ஏரி வெட்டத் தோதான அமைப்பு, சாலை போடவும் சுலபம். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற பேருந்தில் உட்கார்ந்தால் பீடபூமி முடிகிற இடம் உடம்புக்கே தெரியும். வண்டி காட்டுக்குள் நுழையும், வளைந்து வளைந்து இறங்கும், காற்றில் சூடு ஏறும், ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸும் ரோஜாத் தோட்டமும் போய் மூங்கிலும் முள்ளும் வரும். அந்த இறக்கத்தின் அடியில் அஞ்செட்டி. அதற்குத் தெற்கே நிலம் இன்னும் இறங்கிக்கொண்டே போய்க் காவிரியில் முடிகிறது. ஒகேனக்கல் பக்கத்தில் காவிரி ஓடுகிற மட்டம் 250 மீட்டர் அளவுதான். ஓசூர் மேட்டுக்கும் ஆற்றுக்கும் இடையில் 600 மீட்டருக்கு மேல் வித்தியாசம், அதுவும் குறைந்த தூரத்துக்குள். நடுவில் மேலகிரி மலைத்தொடர். அதில் குத்திராயன் சிகரம் ஏறக்குறைய 1,400 மீட்டர். இப்படி மேடும் பள்ளமும் முறித்து முறித்துக் கிடக்கிற நிலத்தில் சமமான இடம் பள்ளத்தாக்கின் அடியிலும், அங்கங்கே மலை மேல் சின்னச் சின்னத் திட்டுகளிலும்தான் உண்டு. ஊர்கள் இருப்பதும் அங்கேதான்.

தண்ணீர் அடுத்தது. பெரிய ஆறு பக்கத்தில் ஓடினாலும் அது இவர்களுக்குக் கழனித் தண்ணீர் ஆகவில்லை. காவிரி இங்கே ஆழமான பள்ளத்தாக்கில், காட்டுக்கு நடுவில், 60 கிலோமீட்டருக்கு மேல் இரு மாநில எல்லையாகவே ஓடுகிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் திறக்கிற தண்ணீரை அளக்கிற பிலிகுண்டு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்ததே, அந்தத் தண்ணீர் முழுவதும் இந்த மக்களின் கண்ணெதிரே போகிறது. ஆனால் கழனி மேலே, ஆறு கீழே. உள்ளூர் ஓடைகளில் பெரியது அஞ்செட்டி வழியாக வரும் தொட்டல்லா ஆறு. மழை பெய்தால் சாலையை மறிக்கும், கோடையில் மணல்தான் மிஞ்சும். ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவு மழை, தென்மேற்கிலும் கொஞ்சம், வடகிழக்கிலும் கொஞ்சம். கீழே கருங்கல்லும், 'நைஸ்' என்கிற கெட்டிப் பாறையும். பாறை விரிசலில் தேங்குவதுதான் நிலத்தடி நீர், அதிலும் பல இடங்களில் ஃபுளோரைடு கலப்பு. பல்லில் பழுப்புக் கறை படிந்த மாணவர்களை இந்தப் பக்கத்து ஆசிரியர் எல்லோருமே பார்த்திருப்போம். ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு ஃபுளோரைடு பாதிப்பும் ஒரு காரணம். 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

இந்த மழைக்கும் இந்த மண்ணுக்கும் விளைவது ராகி. கூடவே மொச்சை, கொள்ளு, சாமை, ஆமணக்கு. ஆடியில் விதைத்து கார்த்திகை, மார்கழியில் அறுப்பார்கள். ஒரு போகம்தான். காவிரி டெல்டாவில் ஒரு ஏக்கர் எத்தனை பேருக்குச் சோறு போடுமோ, அத்தனை பேருக்கு இங்கே ஒரு மானாவாரி ஏக்கர் களி போட முடியாது. இன்னொரு பக்கம் மாடு. ஆலம்பாடி மாட்டினம் இந்தக் காவிரிக் காட்டோரத்தில் உருவானது. காட்டுக்குள் பட்டி போட்டு மாதக்கணக்கில் மாட்டோடு தங்கியிருப்பது பழைய பிழைப்பு. மேய்ச்சலுக்கு நிலம் நிறைய வேண்டும், ஆள் கொஞ்சம் போதும். ஆக, பிழைப்பின் தன்மையே இங்கே நெருக்கமான குடியிருப்புக்கு இடம் கொடுக்கவில்லை.

இதற்கு மேல் சட்டம் ஒரு கோடு போட்டது. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர் மேட்டுப் பகுதி திப்பு வீழ்ந்த 1799க்குப் பிறகு வந்தது. 1882இல் சென்னை மாகாண வனச்சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் காடுகள் காப்புக்காடுகளாக எல்லை கட்டப்பட்டபோது, எங்கே பட்டா உண்டு, எங்கே இல்லை என்பது முடிவானது. அந்தக் காலத்தை நினைக்கும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அதற்குச் சற்று முன்புதான் 1876-78 பஞ்சம் வந்து போயிருந்தது. இந்தப் பகுதியும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871க்கும் 1881க்கும் இடையில் மக்கள்தொகை ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பஞ்சத்தில் ஜனம் மெலிந்திருந்த நேரத்தில் காட்டின் எல்லைக் கற்கள் நடப்பட்டன. அதன்பின் மக்கள் பெருகியபோது விரிவதற்குக் காடு திறந்திருக்கவில்லை. பஞ்சம் வராதிருந்தால் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்குமா என்பது என் ஊகம்தான், நிரூபணம் இல்லை. ஆனால் இரண்டும் அடுத்தடுத்து நடந்தன என்பதில் சந்தேகமில்லை. நம் காலத்தில் 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 504 சதுர கிலோமீட்டரிலும், 2022இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 686 சதுர கிலோமீட்டரிலும் அறிவிக்கப்பட்டன. அந்தப் பச்சைக்கு இவை இன்னொரு பூட்டு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காடு யானைக்கும் சாம்பல் நிற அணிலுக்கும் வேண்டும், காவிரிக்கும் வேண்டும். அங்கே ஆள் இல்லாததற்குச் சட்டமும் ஒரு காரணம் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன்.

அப்படியானால் மக்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள்? வருவாய்க் கிராமம் என்பது ஒன்று, மக்கள் வாழ்கிற குக்கிராமம் என்பது வேறு. கணக்கெடுப்பு அட்டவணையில் ஒரே வரியாக வருகிற கிராமத்துக்குள் பத்துப் பதினைந்து தனித்தனிக் குடியிருப்புகள் இருக்கும். பீடபூமியில் ஏரிக்கரையை ஒட்டி வீடுகள் சேர்ந்து ஊராக இருக்கும். கீழே இறங்கினால் அவரவர் கழனியிலேயே வீடு கட்டிக்கொண்டு, நாலு வீடு ஒரு கொட்டாய், அரை மைல் தள்ளி இன்னொரு கொட்டாய் என்று சிதறியிருக்கும். பெட்டமுகிலாளம் போன்ற மலை மேல் ஊராட்சிகளில் ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் காப்புக்காடே குறுக்கே வரும். கொடகரை இருளர் குடியிருப்புக்குப் போகும் பாதையில் நடந்தவர்களுக்கு இது புரியும். மொழியும் அப்படித்தான். ஒரு தெருவில் கன்னடம், அடுத்த தெருவில் தெலுங்கு, ரேஷன் கடை வரிசையில் தமிழ். எங்கள் வகுப்புகளில் மூன்று மொழியும் தெரிந்த குழந்தைகள் சாதாரணம்.

மலை, காடு என்றதும் அங்கே இருப்பவர்கள் எல்லோரும் பழங்குடிகள் என்று வெளியூரில் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. 2011இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழங்குடியினர் 1 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். தர்மபுரியில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். அங்கே சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்தில் மலையாளி என்ற பழங்குடியினர் அதிகம். அஞ்செட்டிப் பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் மானாவாரி விவசாயம் செய்கிற குடும்பங்கள்.

இப்போது கணக்கெடுப்பு எண்ணையே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. மார்ச் 1 நள்ளிரவு நிலவரம்தான் கணக்கு. விதி என்னவென்றால், ஒருவர் வழக்கமாக அந்த வீட்டில் வசிப்பவராக இருந்தாலும், அந்த இருபது நாளும் முழுவதுமாக ஊரில் இல்லை என்றால் அவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது. அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே எழுதப்பட வேண்டும். நல்ல விதிதான், ஒரே ஆளை இரண்டு முறை எண்ணாமல் காக்கும். ஆனால் பிப்ரவரி எப்படிப்பட்ட மாதம்? ராகி அடித்து முடித்திருக்கும். அடுத்த மழைக்கு நாலு மாதம் இருக்கும். கட்டட வேலைக்கும், தோட்ட வேலைக்கும் ஆட்கள் பெங்களூர், ஓசூர், கேரளம் என்று கிளம்பிப் போயிருக்கிற மாதம்.

நாட்ராம்பாளையம் பக்கத்துக் கொட்டாய் ஒன்றில் படிவம் நிரப்பியது நினைவுக்கு வருகிறது. திண்ணையில் ஒரு பாட்டி கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு பேத்தி. வீட்டில் எத்தனை பேர் பாட்டி என்று கேட்டால் ஆறு பேர் என்றார். மற்றவர்கள் எங்கே? மகன், மருமகள், சின்ன மகன், பெரிய பேரன் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். எப்போது போனார்கள்? "ராகி அடிச்சதுமே போயிட்டாங்க சார்." எப்போது வருவார்கள்? "யுகாதிக்கு வந்துடுவாங்க." யுகாதி ஏப்ரலில். படிவத்தில் நான் எழுத முடிந்தது இரண்டு பேர். சுவரில் மாட்டியிருந்த ரேஷன் அட்டைப் பையில் ஆறு பேர் பெயர். அந்த நாலு பேரும் பெங்களூரில் ஏதோ ஒரு கட்டட வேலையிடத்துத் தகரக் கொட்டகையில் எண்ணப்பட்டிருந்தால் நல்லது. அந்தத் தகரக் கொட்டகைகளில் கணக்கெடுப்பு எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதை இங்கிருந்து நான் உறுதி சொல்ல முடியாது. ஒன்று மட்டும் உறுதி: இந்தப் பள்ளத்தாக்கின் பிப்ரவரி எண், ஆடி மாத எண்ணைவிடக் குறைவு. வரப்போகும் கணக்கெடுப்பும் 2027 மார்ச் 1ஐத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. அதே பருவம், அதே குறைவு மறுபடியும் வரும்.

பெங்களூர் பக்கத்தில் இருந்தும் ஏன் ஆளில்லை என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே பாதி இருக்கிறது. பெங்களூர் பக்கத்தில் இருப்பதால்தான் ஆள் அங்கே போகிறார்கள். அந்த நகரத்தின் வளர்ச்சி பீடபூமியோடு நின்றுவிடுகிறது. 1970களில் சிப்காட் வந்த ஓசூரில் 2001இல் 84,394 பேர், 2011இல் 1,16,821 பேர். 2019இல் அது மாநகராட்சியும் ஆகிவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் அந்தப் பத்தாண்டுகளில் 20 சதவீதம் வளர்ந்ததற்கு ஓசூர்ப் பக்கம் பெரிய காரணம். மாநில வளர்ச்சி அப்போது 15.6 சதவீதம்தான். நெடுஞ்சாலை, ரயில், சமநிலம் எல்லாம் மேட்டில் இருக்கின்றன. மலை இறக்கத்துக்குக் கீழே தொழிற்சாலை வர எந்தக் காரணமும் இல்லை, வரவும் கூடாது என்பது என் கருத்து. அதனால் கீழே இருப்பவர்கள் வேலையைத் தேடி மேலே ஏறுகிறார்கள். ஆனால் போனவர்கள் எல்லோரும் குடிபெயர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நான் பார்த்த வரை பெரும்பாலும் போய் வருகிறவர்கள். நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது, வயதானவர்கள் இருக்கிறார்கள், விதைப்புக்குத் திரும்பிவிடுவார்கள். வீட்டையே பூட்டிக்கொண்டு பிள்ளைகளின் படிப்புக்காகத் தேன்கனிக்கோட்டையிலோ ஓசூரிலோ தங்கிவிடுகிற குடும்பங்கள் கூடிவருவதையும் பார்க்கிறேன். இரண்டாவது வகை எத்தனை சதவீதம் என்று சொல்ல 2027 எண்கள் வர வேண்டும்.

சந்தேகத்துக்குரிய சில காரணங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடிக்கடி கேட்பவை. வீரப்பன் காலத்தில் பயந்து ஊரைக் காலி செய்ததால்தான் இப்படி என்பார்கள். அந்த ஆண்டுகளில் காட்டோர மக்கள் பட்ட துன்பம் நிஜம், இரண்டு பக்கத்திலிருந்தும் பட்டார்கள். ஆனால் குறைந்த அடர்த்தி அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே இருந்தது, 2004 அக்டோபரில் அவர் கொல்லப்பட்ட பிறகும் அப்படியே இருக்கிறது. ஆகவே அது மூலகாரணமாக இருக்க முடியாது. யானைத் தொல்லையால் ஆட்கள் போய்விடுகிறார்கள் என்பது இன்னொன்று. இதில் பாதி உண்மை உண்டு. ராகி பால் பிடிக்கிற சமயத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டாப் பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் வரும். அந்த வாரங்களில் கழனிக்குக் கழனி மரத்தில் பரண் கட்டி, கீழே தீ மூட்டி, தகரம் தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள். பகலில் பள்ளியில் தூங்கிவிழுகிற பையனை நான் திட்டியதில்லை, ராத்திரி அவன் அப்பாவோடு பரணில் இருந்திருப்பான். ஒரே ராத்திரியில் ஒரு வருஷ விளைச்சல் போன குடும்பம் மறுவாரமே வேலைக்குக் கிளம்புவதும் உண்டு. ஆனாலும் யானை ஊரைக் காலியாக்கியதாகச் சொல்ல முடியாது. ராகியை விட்டுவிட்டு யானை தொடாத பயிருக்கு மாறுவதும், கடைசிக் கழனியைத் தரிசாகப் போடுவதும்தான் அதிகம் நடக்கிறது.

எண்ணைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்குக் காரணம், அந்த எண்ணை வைத்துத்தான் எல்லாம் ஒதுக்கப்படுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. துணை சுகாதார நிலையத்துக்கு 5,000, மலையில் 3,000. இந்தத் தளர்வு நல்லதுதான். ஆனாலும் அளவுகோல் ஆட்களின் எண்ணிக்கைதான், நடக்க வேண்டிய தூரம் அல்ல. 3,000 பேர் ஒரே ஊரில் இருந்தால் செவிலியர் ஒரு காலையில் பார்த்துவிடுவார். அதே 3,000 பேர் பதினைந்து குடியிருப்புகளில், நடுவில் காட்டோடு இருந்தால், கர்ப்பிணி ஒருவரைப் பார்க்கவே ஒரு நாள் போய்விடும். தேர்தலில் மட்டும் அளவுகோல் தூரமாக இருக்கிறது. வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு சாவடி அமைக்கிறார்கள். அதனால்தான் பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் ஏறிப் போகின்றன. ஒரு நாள் வாக்குக்குச் செய்கிறதை மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் வருஷம் முழுக்கச் செய்ய வேண்டும் என்று நான் கேட்கிறேன். இதே காரணத்தால், 2011இல் தர்மபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதமாக, மாநிலத்திலேயே கடைசியாக இருந்ததைப் படிக்கும்போது மக்களுக்கு அக்கறையில்லை என்று யாரும் எழுதினால் எனக்குக் கோபம் வரும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தினமும் காட்டுப் பாதையில் நடந்த பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பாதியில் நின்றவர்களில் பலர் பாடம் வராமல் நிற்கவில்லை, பாதைக்குப் பயந்து நின்றவர்கள்.

கேட்டவருக்குத் தானே கணக்குப் போட்டுப் பார்க்க விருப்பமிருந்தால் வழி சொல்கிறேன். 2011 மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் கிராம அடைவு என்ற பகுதி இருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் மக்கள்தொகை, மொத்தப் பரப்பு, அந்தப் பரப்பில் காடு எவ்வளவு, சாகுபடி நிலம் எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இன்றைய அஞ்செட்டி வட்டத்தின் கிராமப் பட்டியலை மாவட்ட இணையதளத்தில் எடுத்து, அந்த வரிகளை மட்டும் கூட்டுங்கள். காட்டோடு ஒரு முறை, காடில்லாமல் ஒரு முறை வகுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், ஒன்றை மட்டும் போட வேண்டாம். பிறகு ஒரு குடியிருப்பையாவது நேரில் போய்ப் பாருங்கள், ஆடியில் ஒரு முறை, மாசியில் ஒரு முறை. அங்கன்வாடிப் பணியாளரிடம் குடும்பப் பதிவேடு இருக்கும். தன் பகுதியில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பது எந்த அலுவலகத்தையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். வாக்காளர் பட்டியலில் வெளியே போனவர்களின் பெயரும் இருக்கும், கணக்கெடுப்பில் அவர்கள் இருக்க மாட்டார்கள். வயது வந்தவர்களை மட்டும் வைத்து ஒப்பிட்டால், உண்மையான எண் அந்த இரண்டுக்கும் நடுவில். போகிறபோது மாலை நாலு மணிக்குள் திரும்பிவிடுகிற மாதிரி பேருந்து நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டிச் சாலையில் இருட்டிய பிறகு யானை நடமாட்டம் உண்டு, இருசக்கர வண்டியில் வரவே வேண்டாம்.